இலுப்பந்தாங்கல் மரத்துப் பொந்து

இலுப்பந்தாங்கல்காரர்களிடம் மட்டும் வழி கேட்டுவிடக் கூடாது.

“ஆவடிக்கு எந்தப் பக்கம் போகணும்?” என்று கேட்டால் போதும். “ஆவடியா? தோ, எங்க மரம் தெரியுது பாருங்க...” என்று ஆரம்பித்துவிடுவார்கள். மரத்தின் உயரம், மரத்தின் வயது, மரத்து நிழலில் இளைப்பாறிய வண்டிகள் என்று ஒவ்வொன்றாகச் சொல்லி முடிப்பார்கள். அதற்குள் கேட்டவருக்கு ஆவடிக்குப் போகிற ஆசையே விட்டுப்போயிருக்கும்.

அது ஓர் இலுப்பை மரம். தாங்கல் என்றால் சின்ன ஏரி. ஏரிக்கரையில் இலுப்பை மரம் நின்றதால் ஊருக்கே இலுப்பந்தாங்கல் என்று பெயர் வந்தது.

பங்குனி மாதத்தில் விடியற்காலை போய்ப் பார்த்தால் மரத்தடியில் வெளிர் மஞ்சளாகப் பூக்கள் கொட்டிக் கிடக்கும். பொறுக்கி வந்து வறுத்தால் வெல்லம் மாதிரி இனிக்கும். ஆடி மாதத்தில் கொட்டை விழும். அதைச் செக்கில் ஆட்டி எண்ணெய் எடுத்து, ஊரில் எல்லா வீடுகளுக்கும் பங்கு வைப்பார்கள்.

அப்போது வெள்ளைக்காரர்கள் நம் நாட்டை ஆண்டுகொண்டிருந்தார்கள். உலகத்தில் எங்கெங்கோ பெரிய சண்டை நடந்துகொண்டிருந்தது. அதனால் கடைகளில் மண்ணெண்ணெய் கிடைக்கவில்லை. சுற்றுப்பட்டு ஊர்களெல்லாம் பொழுது சாய்ந்ததும் இருட்டில் கிடந்தன. இலுப்பந்தாங்கலில் மட்டும் வீட்டுக்கு வீடு விளக்கு எரிந்தது. ஊராரின் பெருமைக்குக் கேட்க வேண்டுமா?

ஆனால் அந்த மரத்தில் ஒரு ரகசியம் இருந்தது.

ஏரியைப் பார்த்த பக்கத்தில் பெரிய பொந்து. ஓர் ஆள் தாராளமாக உள்ளே நுழையலாம். மரத்தின் வயிறு முக்கால்வாசி காலி.

ஒவ்வொரு பொங்கலுக்கும் முன்னால் வீடுகளுக்கு வெள்ளையடிக்கும்போது ஊரார் மரத்துக்கும் அடிப்பார்கள். அன்றைக்கு மரத்தைச் சுற்றிப் பழைய புடவைகளைத் திரையாகக் கட்டுவார்கள். ரோட்டுப் பக்கம் ஒரு புடவை, ஊர்ப் பக்கம் ஒரு புடவை, வயல் பக்கம் ஒரு புடவை. நாலாவது பக்கம் ஏரிதானே, அங்கே யார் வந்து பார்க்கப்போகிறார்கள் என்று விட்டுவிடுவார்கள்.

திரைக்குள்ளே வேலை மும்முரமாக நடக்கும். மழையில் கரைந்துபோன பழைய அடைப்பைப் பெயர்த்துவிட்டு, பொந்தை மறுபடியும் செங்கல்லும் களிமண்ணும் வைத்து அடைப்பார்கள். மேலே சுண்ணாம்பு பூசுவார்கள். பிறகு வெள்ளையும் காவியுமாகப் பட்டை தீட்டுவார்கள். திரையை அவிழ்த்தால் மரம் கல்யாண மாப்பிள்ளை மாதிரி ஜம்மென்று நிற்கும். ஊரில் எல்லோருக்கும் விஷயம் தெரியும். ஒருவரும் மூச்சு விட மாட்டார்கள்.

எதற்கு இவ்வளவு பாடு என்கிறீர்களா? எல்லாம் நத்தமேட்டால் வந்தது. நத்தமேடு என்பது ஏரிக்கு அந்தப் பக்கம் இருந்த ஊர். அங்கேயும் ஓர் இலுப்பை மரம் இருந்தது. ஒரு மழைக்காலத்தில் காற்று அடித்ததில் அது படுத்துவிட்டது. போய்ப் பார்த்தால் உள்ளே பொந்து!

அன்றிலிருந்து இலுப்பந்தாங்கல்காரர்கள் நத்தமேட்டு ஆட்களைப் ‘பொந்தூரார்’ என்றே கூப்பிட ஆரம்பித்தார்கள். சந்தையில் பார்த்தாலும் “வாங்க பொந்தூராரே!” கல்யாணத்தில் பார்த்தாலும் “சாப்பிட்டீங்களா பொந்தூராரே?” இப்படிக் கிண்டல் செய்துவிட்டு, எங்கள் மரத்திலும் பொந்து இருக்கிறது என்று எந்த முகத்தோடு சொல்வது?

திரைக்குள்ளே சுண்ணாம்புச் சட்டியைப் பிடித்துக்கொண்டு நிற்பது முனியம்மாவின் வேலை. அவளுக்குப் பத்து வயது. கால் ஓர் இடத்தில் நிற்காது. சட்டியைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போதுகூட ஆடிக்கொண்டேதான் நிற்பாள். பாதிச் சுண்ணாம்பு அவள் பாவாடையில்தான் இருக்கும்.

அந்தப் பங்குனியில் ஒரு நாள் காலை, புழுதியைக் கிளப்பிக்கொண்டு ஒரு மோட்டார் வண்டி வந்து மரத்தடியில் நின்றது. முனியம்மா பூக்கூடையைப் போட்டுவிட்டு ஓடினாள். அவளுக்குப் பின்னால் ஊரே ஓடிவந்தது.

வண்டியிலிருந்து இரண்டு பேர் இறங்கினார்கள். ஒருவர் பூந்தமல்லியில் மரக்கடை வைத்திருக்கும் சாதுல்லா சாயபு. அவரை எல்லோருக்கும் தெரியும். இன்னொருவர் காக்கி அரைக்கால் சட்டையும் பெரிய தொப்பியும் போட்டிருந்த ஓவர்சியர். ஆவடிப் பக்கம் பட்டாளத்துக்காகப் பெரிய பெரிய கொட்டகைகள் கட்டிக்கொண்டிருந்தார்கள் அல்லவா? அந்த வேலையைப் பார்க்கிறவர்.

ஓவர்சியர் தொப்பியைக் கழற்றி அண்ணாந்து பார்த்தார். “இது என்ன மரம்?” என்று சாதாரணமாகத்தான் கேட்டார்.

“இன்னா மரமா!” என்றார் மணியக்காரர் பரந்தாமன். ஊருக்குப் பெரிய மனிதர் அவர்தான். “இன்னா சார் இப்படிக் கேட்டுட்டீங்க? இலுப்ப சார், இலுப்ப! கரையான் கிட்ட வராது. வருஷக்கணக்கா தண்ணியில கெடந்தாலும் ஊறாது.”

“அப்படியா?” ஓவர்சியருக்கு ஆர்வம் வந்துவிட்டது.

முனியம்மாவின் அப்பா ஜம்புலிங்கம் முன்னால் வந்தார். “எங்க தாத்தா காலத்துல ஒரு கெளை ஒடிஞ்சு வுழுந்துச்சு சார். அதுல செஞ்ச அச்சுலதான் இன்னிக்கும் நான் வண்டி ஓட்டிக்கினு கீறேன். ஒரு கீறல் கெடையாது!”

முனியம்மாவால் சும்மா இருக்க முடியுமா? மரத்தின் மேல் இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு ஒட்டி நின்றாள். “சார், எங்க நைனா, மணியக்காரரு, இன்னும் நாலு பேரு கை கோத்துக்கினாலும் இத்தக் கட்டிப் புடிக்க முடியாது சார்!”

சாதுல்லா சாயபு ரோட்டுப் பக்கமாக நின்று மரத்தை விரலால் தட்டிப் பார்த்தார். “உள்ள எப்படி? நல்லா கீதா?”

யாரோ இருமினார்கள்.

“உள்ளயா?” என்றார் மணியக்காரர். “இரும்பு சாயபு, இரும்பு!”

“ரொம்ப சந்தோஷம்” என்றார் ஓவர்சியர். “சாயபு, இந்த ஒரு மரமே நமக்குப் போதும் போலிருக்கிறதே.” வண்டியிலிருந்து கறுப்புப் பெயின்ட் டப்பாவை எடுத்தார். பிரஷ்ஷை முக்கி, மரத்தின் மேல் பெரிதாக ஒரு பெருக்கல் குறி போட்டார்.

“இன்னா சார் அது?” என்று கேட்டாள் முனியம்மா.

“வெட்டப்போகிற மரத்துக்கு அடையாளம். கொட்டகைக்கு உத்தரம் வேண்டும். இவ்வளவு நல்ல மரம் என்று நீங்களே சொல்லிவிட்டீர்களே! ஏரிக்கரை மரம், சர்க்கார் சொத்து. வெள்ளிக்கிழமை ஆட்கள் வருவார்கள்.”

மோட்டார் வண்டி கிளம்பிப் போய்விட்டது.

மரத்தைக் கட்டிப் பிடித்துக் காட்டியது முனியம்மாதானே? விரித்த கைகளைப் பாவாடையில் துடைத்துத் துடைத்துப் பார்த்தாள். கைகளில் ஒன்றும் ஒட்டியிருக்கவில்லை.

அப்புறம் எல்லோரும் ஒரே நேரத்தில் கத்த ஆரம்பித்தார்கள்.

“ஒன்ன யாரு இரும்புன்னு சொல்லச் சொன்னது?”

“நீ மட்டும் அச்சு, வண்டின்னு அளக்கலியா?”

“ஐயோ, ஆடிக்கு எண்ணெய்க்கு எங்க போவேன்?” என்று தலையில் கை வைத்தாள் முனியம்மாவின் அம்மா நாகம்மாள்.

மணியக்காரர் மறுநாளே வாழைத்தாரும் எலுமிச்சம்பழமுமாக ஆவடிக்குப் போனார். போன வேகத்தில் தாரோடு திரும்பி வந்தார். “சண்டை நடக்குற நேரத்துல மரத்துக்கு வக்காலத்து வாங்கிக்கினு வந்துட்டியான்னு வெரட்டி வுட்டுட்டான்” என்றார். அவர் முகம் வாழைப்பழத்தோலைவிடக் கறுத்துப்போயிருந்தது.

சாயங்காலம் எல்லோரும் மரத்தடியில் கூடினார்கள். முனியம்மாவும் போனாள். உட்காரவில்லை. கூட்டத்தைச் சுற்றிச் சுற்றி நடந்தாள்.

“ஒரே வழிதான்” என்றார் மணியக்காரர். “வெள்ளிக்கெழமை அந்தாளு வந்தா, மரம் சரியில்லன்னு சொல்லணும். நல்லாப் பேசிப் பழகிக்கலாம். ஜம்புலிங்கம், நீ சொல்லு பாப்போம். நான்தான் ஓவர்சியர்.” தலையில் ஒரு கூடையைத் தொப்பி மாதிரி கவிழ்த்துக்கொண்டார்.

ஜம்புலிங்கம் எழுந்து தொண்டையைச் செருமினார். “சார், இந்த மரம் வந்து... இந்த மரம்... சுமாரான மரம் சார்.”

“ம். அப்புறம்?”

“சுமாருதான் சார். ஆனா நெழல் பாருங்க, இந்த ஜில்லாவுலயே...”

“யோவ்!” என்று கூடையைக் கழற்றி எறிந்தார் மணியக்காரர்.

“எனுக்கு வாய் வர மாட்டேங்குதுங்க” என்று துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார் ஜம்புலிங்கம்.

“வௌவால் எச்சம் ஒரே நாத்தம்னு சொல்லுங்களேன்” என்றாள் நாகம்மாள்.

“நாத்தமா?” மணியக்காரருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. “யாரு சொன்னது? அது எரு! வயலுக்குப் போட்டுப் பாரு, நெல்லு எப்படி வெளையுதுன்னு!”

முனியம்மா நடப்பதை நிறுத்தினாள். “பொந்து கீதுன்னு சொல்லிடலாமே?”

அவ்வளவுதான். எல்லாத் தலைகளும் அவள் பக்கம் திரும்பின. “ஷ்ஷ்ஷ்!” என்று நாலு பக்கத்திலிருந்தும் சத்தம் வந்தது.

“மெதுவாப் பேசு புள்ள! நத்தமேட்டான் காதுல வுழுந்தா இன்னா ஆவும்? காலத்துக்கும் சிரிப்பானுங்க.”

“மெய்தான மணியக்காரரே? பொந்து மரத்துல உத்தரம் செய்ய முடியாது. சொன்னா வுட்டுட்டுப் போயிடுவாங்க.”

“ஊர் மானம் போயிடும்!”

“அறுத்தா எப்படியும் உள்ள பொந்து தெரிஞ்சுடும். அப்ப மானமும் போயிடும், மரமும் போயிடும்.”

மணியக்காரர் துண்டை உதறித் தோளில் போட்டார். “சின்னப் புள்ள பேச்சா இது? ஜம்புலிங்கம், ஒன் பொண்ண ஊட்டுக்கு இட்டுக்கினு போ!”

வீட்டுக்குப் போன பிறகும் முனியம்மாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. வறுத்த இலுப்பைப் பூவைக் கிண்ணத்தில் போட்டு அம்மா நீட்டினாள். வேறு நாளாக இருந்தால் கிண்ணத்தையே நக்கி வைத்திருப்பாள். இன்றைக்குக் கிண்ணத்தைத் தொடக்கூட இல்லை.

“நைனா, மரம் பெரிசா, மானம் பெரிசா?”

ஜம்புலிங்கம் வண்டி மாட்டின் கழுத்தைத் தடவிக் கொடுத்தார். “ரெண்டும்தான் பெரிசு கண்ணு. அதான் பேஜாரா கீது.”

முனியம்மா யோசித்துப் பார்த்தாள். மணியக்காரர் ஓவர்சியருக்குப் பயப்படவில்லை. சாயபுவுக்குப் பயப்படவில்லை. எல்லோரும் பயப்படுவது நத்தமேட்டுச் சிரிப்புக்குத்தான். அப்படியென்றால் கேட்க வேண்டியது நத்தமேட்டில் அல்லவா?

மறுநாள் மத்தியானம், யாரிடமும் சொல்லாமல் ஏரிக்கரை மேலேயே நடந்தாள். நடந்தாள் என்பது சும்மா பேச்சு, ஓடினாள். நடுவே குறுக்குவழியாக இறங்கி ஓடிய அறுவடை முடிந்த வயல்களில் தாள் குத்திக் காலெல்லாம் கீறல். நத்தமேட்டுக்கு அவள் வருவது இதுதான் முதல் தடவை. இலுப்பந்தாங்கல் பிள்ளைகள் யாரும் அந்தப் பக்கம் போக மாட்டார்கள்.

ஊருக்கு முன்னால் கரையை ஒட்டி, முள் வேலி கட்டிய ஒரு சின்னச் செடி இருந்தது. பெரிய மீசைக்காரர் ஒருவர் குடத்திலிருந்து அதற்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். அவர்தான் துலுக்கானம். நத்தமேட்டில் அவர் சொல்வதுதான் எடுபடும். சந்தையில் இலுப்பந்தாங்கல்காரர்கள் அதிகமாகக் கிண்டல் செய்வதும் அவரைத்தான்.

“யாரு பொண்ணு நீ?”

“ஜம்புலிங்கம் பொண்ணு. இலுப்பந்தாங்கல்.”

துலுக்கானத்தின் புருவம் மேலே போனது. “இலுப்பந்தாங்கல்காரங்களுக்குப் பொந்தூருல இன்னா வேல?”

முனியம்மாவுக்குக் காது சூடானது. திரும்பி ஓடிவிடலாமா என்று இருந்தது. ஆனாலும் வந்த விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும் என்று படபடவென்று கொட்டினாள்.

“மாமா, நாளைக்கி எங்க மரத்த அறுக்க வராங்க. எங்க மரத்துலயும் பொந்து கீது. பெரிய பொந்து. அத்த நான் எல்லாருக்கும் முன்னாடி சொல்லப்போறேன். நீங்க சிரிக்கக் கூடாது. சிரிக்க மாட்டேன்னு சொல்லுங்க.”

துலுக்கானம் குடத்தைக் கீழே வைத்தார். சிரிக்கவில்லை. கோபப்படவும் இல்லை. ஆனால் அவர் முகம் என்னவோ மாதிரி ஆகிவிட்டது.

“எங்க மரம் வுழுந்த அன்னிக்கு எங்க ஊருல யார் ஊட்லயும் அடுப்பு எரியல” என்றார். “மறுநாள் சந்தைக்குப் போனா, உங்காளுங்க பொந்தூரான்னு கூப்பிட்டாங்க. அன்னியிலருந்து கேட்டுக்கினுதான் கீறோம். நாங்க மட்டும் சிரிக்கக் கூடாதா?”

முனியம்மா தலையைக் குனிந்துகொண்டாள். “நானும் கூப்பிட்டுக் கீறேன்” என்றாள் மெதுவாக. “எல்லாரும் சொன்னாங்கன்னு நானும் சொன்னேன். இனிமே சொல்ல மாட்டேன் மாமா. நீங்க சிரிச்சாலும் சொல்ல மாட்டேன்.”

முனியம்மா வேலிக்குள் எட்டிப் பார்த்தாள். “இலுப்பச் செடி! ஏது மாமா?”

“வௌவால் கொண்டாந்து போட்ட கொட்டையில மொளைச்சுது. இந்தச் சுத்துல வேற இலுப்ப ஏது? உங்க மரத்துக் கொட்டையாத்தான் இருக்கணும்.” குடத்தை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டார். “ஊட்டுக்குப் போ. தேடப்போறாங்க.”

“மாமா, சிரிப்பீங்களா, மாட்டீங்களா?”

துலுக்கானம் திரும்பிப் பார்க்காமலே போய்விட்டார்.

முனியம்மா கொஞ்ச நேரம் அங்கேயே நின்றாள். ஏரிக்கு அந்தப் பக்கம் அவள் ஊர் மரம் வெள்ளையும் காவியுமாகப் பளிச்சென்று தெரிந்தது. இன்னும் ஒரே ஒரு நாள்தான் அது அங்கே நிற்கும் என்று நினைத்தபோது கண் கலங்கிவிட்டது. மூக்கை உறிஞ்சிக்கொண்டு வீட்டுக்கு ஓடினாள்.

வெள்ளிக்கிழமை வந்தது. கோடாலி, நீள ரம்பம், தடித்த வடக்கயிறு எல்லாவற்றையும் வண்டிகளில் ஏற்றிக்கொண்டு ஆட்கள் வந்தார்கள். சாயபு வந்தார். ஓவர்சியர் வந்தார்.

மணியக்காரர் வெளுத்த வேட்டி கட்டிக்கொண்டு முன்னால் போய்க் கும்பிட்டார். “சார், இந்த மரம் வந்து... சுமாரான மரம் சார்.”

ஓவர்சியர் சிரித்தார். “அன்றைக்கு இரும்பு என்றீரே ஐயா! மூன்று நாளில் இரும்பு சுமாராகிவிட்டதா? தள்ளும், தள்ளும்.”

ஆட்கள் மரத்தில் ஏறி, கிளைகளில் வடத்தைக் கட்ட ஆரம்பித்தார்கள். தலைகீழாகத் தொங்கித் தூங்கிக்கொண்டிருந்த வௌவால்கள் படபடவென்று கலைந்து பறந்தன. நாகம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அழாதவர்களும் கண்ணில் தூசி விழுந்த மாதிரி துடைத்துக்கொண்டார்கள்.

அப்போதுதான் ஏரிக்கரை மேல் வரிசையாகத் தலைகள் தெரிந்தன. நத்தமேட்டு ஆட்கள்! பெண்கள், பிள்ளைகள் எல்லோரும் வந்துகொண்டிருந்தார்கள். முன்னால் துலுக்கானம்.

“வந்துட்டானுங்க, வேடிக்க பாக்க” என்று பல்லைக் கடித்தார் மணியக்காரர். “யாரும் வாயத் தொறக்கக் கூடாது. சொல்லிட்டேன்.”

முனியம்மா கூட்டத்தில் இல்லை. வீட்டுக்கு ஓடி, நெல் குத்தும் உலக்கையை இழுத்துக்கொண்டு வந்துகொண்டிருந்தாள். அவளைவிட உலக்கைதான் உயரம். வழியில் ஜம்புலிங்கம் பார்த்தார். “எங்க எடுத்துக்கினு போற?” என்று கேட்க வாயெடுத்தவர், என்ன நினைத்தாரோ, ஒதுங்கி வழி விட்டார்.

முனியம்மா நேராக ஓவர்சியர் முன்னால் போய் நின்றாள். “சார், இந்த மரத்துல பொந்து கீது.”

“முனியம்மா!” என்று அதட்டினார் மணியக்காரர்.

“என்ன பொந்து? எனக்கு ஒன்றும் தெரியவில்லையே” என்றார் ஓவர்சியர்.

“கேளுங்க.” உலக்கையைத் தூக்க முடியாமல் தூக்கி ரோட்டுப் பக்கம் ஒரு இடி இடித்தாள். ‘டக்’ என்றது மரம். உலக்கையை இழுத்துக்கொண்டு ஏரிப் பக்கம் போனாள். வெள்ளையும் காவியுமாகப் பட்டை தீட்டிய இடத்தில் இடித்தாள்.

‘தொம்ம்ம்!’

உறுமி மேளம் மாதிரி சத்தம் வந்தது. சாயபுவின் கண்கள் விரிந்தன. அவர் கிட்டே போய்ச் சுண்ணாம்பைச் சுரண்டிப் பார்த்தார். “அட, இது மரம் இல்ல சார். பூச்சு!”

“என்ன மணியக்காரரே இது?” என்று கேட்டார் ஓவர்சியர்.

மணியக்காரர் ஓவர்சியரைப் பார்க்கவில்லை. நத்தமேட்டு ஆட்களையே பார்த்துக்கொண்டிருந்தார். ஊரே அவர்களைத்தான் பார்த்தது. எந்த நொடியில் சிரிப்பு கிளம்புமோ என்று ஒவ்வொருவரும் நெளிந்தார்கள்.

முனியம்மா உலக்கையைக் கீழே போட்டாள். துலுக்கானத்திடம் ஓடினாள்.

“மாமா, சிரிக்கிறதா இருந்தா இப்பவே சிரிச்சுடுங்க. சிரிச்சு முடிங்க. அப்புறமா நாங்க ஒடைச்சுக் காட்டிடுறோம். மரம் பொழச்சுக்கும்.”

துலுக்கானம் மீசையைத் தடவிக்கொண்டார். எல்லோருக்கும் கேட்கும்படி சத்தமாகப் பேசினார்.

“சிரிக்கணும்னா எப்பவோ சிரிச்சிருக்கலாம். மணியக்காரரே, வருஷா வருஷம் பொடவையக் கட்டிக்கினு உள்ள இன்னா பண்றீங்கன்னு எங்க ஊருக்கே தெரியும்யா! திரைய மூணு பக்கந்தான கட்டுறீங்க? நாலாவது பக்கம் நாங்கதான் கீறோம்! ஏரிக்கு அந்தாண்ட உக்காந்து எங்க பசங்க எல்லாத்தையும் பாத்துக்கினுதான் கீறானுங்க.”

இலுப்பந்தாங்கல் முழுக்க வாயைப் பிளந்தது.

“தெரிஞ்சுமா... தெரிஞ்சுமா சும்மா இருந்தீங்க?” என்றார் மணியக்காரர்.

“கிண்டல் பண்ணா, வெக்கப்பட்டுக்கினு நீங்க அடைக்கிறத வுட்டுடுவீங்க. எங்க மரம் அடைக்காமதான்யா வுழுந்துச்சு. இதாவது நிக்கட்டும்னு இருந்தோம்.”

மணியக்காரர் துலுக்கானத்திடம் போய் அவருடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். அந்த வாய்க்குப் பேச வராமல் போனது அன்றைக்குத்தான்.

“நைனா!” என்று கத்தினாள் முனியம்மா.

ஜம்புலிங்கம் ஏற்கெனவே கடப்பாரையோடு வந்துகொண்டிருந்தார். ஒரு குத்து, இரண்டு குத்து. சுண்ணாம்பு பெயர்ந்தது, செங்கல் சரிந்தது. மேலே இருந்த ஒரு சந்திலிருந்து ஆந்தை ஒன்று வெளியே வந்து, எல்லோரையும் ஒரு முறை முறைத்துவிட்டுப் பறந்துபோனது. கீழே இருட்டாக, ஆழமாக, பிரமாதமான பொந்து!

சாயபு தலையை உள்ளே விட்டுப் பார்த்தார். “சார், வெறும் தோலுதான் கீது. இத்த அறுத்துக்கினு போனா வண்டி மாட்டுக்குத்தான் கஷ்டம். உத்தரத்துக்கு ஆவாது.” தலையை வெளியே எடுத்தபோது தாடியெல்லாம் சுண்ணாம்பு. அவரும் உள்ளூரச் சந்தோஷப்பட்ட மாதிரிதான் தெரிந்தது.

ஓவர்சியர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். “பின்னே ஏனய்யா இரும்பு என்று சொன்னீர்?”

“பழக்கதோஷம் சார்” என்றார் மணியக்காரர்.

ஓவர்சியரால் சிரிக்காமல் இருக்க முடியவில்லை. பெயின்ட் டப்பாவைக் கொண்டுவரச் சொன்னார். தான் போட்ட பெருக்கல் குறியின் மேல் தானே பட்டையாக அடித்து மறைத்தார். வடம் அவிழ்ந்து விழுந்தது. வண்டிகள் வந்த வழியே திரும்பின.

அன்றைக்கு முனியம்மா வறுத்த இலுப்பைப் பூவை இரண்டு கிண்ணம் தின்றாள். ஒரு கூடையில் நிறைத்து நத்தமேட்டுப் பிள்ளைகளுக்கும் கொடுத்தாள்.

அடுத்த பொங்கலுக்குத் திரை கட்டவில்லை. நத்தமேட்டுக்காரர்கள் செங்கல் கொண்டுவந்தார்கள், இலுப்பந்தாங்கல்காரர்கள் களிமண் குழைத்தார்கள். ஆந்தைக்காக மேலே ஒரு சந்து விடச் சொல்லி முனியம்மா குதித்தாள். விட்டார்கள்.

எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. நடுவில் அந்த வழியாகப் போன வெற்றிலை வியாபாரி ஒருவர் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். “ஆவடிக்கு எந்தப் பக்கம் போகணும்?” என்று கேட்டுவிட்டார்.

“ஆவடியா? தோ, எங்க பொந்து தெரியுது பாருங்க...” என்று ஆரம்பித்தார் மணியக்காரர். “இந்த ஜில்லாவுலயே இம்மாம் பெரிய பொந்து கெடையாது! உள்ள மூணு பேரு சம்மணம் போட்டு உக்காரலாம்!”

“மூணு பேருதானா?” என்று செங்கல்லைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார் துலுக்கானம். “எங்க பொந்துல நாலு பேரு உக்காந்தாங்கய்யா!”

“நாலா? யாரு பாத்தா?”

“நாங்க பாத்தோம்!”

வெற்றிலை வியாபாரி திருதிருவென்று விழித்தார். முனியம்மா சுண்ணாம்புச் சட்டியைக் கீழே வைத்தாள். அவருடைய கையைப் பிடித்து ரோட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனாள்.

“இவங்க இப்ப முடிக்க மாட்டாங்க. நேராப் போங்க, ஆவடி வந்துடும்.”